பாரமான காற்று

ஒட்டுசுட்டானிலிருந்து ஐந்து கட்டை, கிறவல் பாதை.
ஸ்கூட்டியில் என் முழங்கால்களுக்கு நடுவே
சிலிண்டர், நிமிர்ந்தபடி.
படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது என்பது
கடையில் நான் படித்த முதல் பாடம்.
இரண்டாவது: தேநீர் தந்தால்
வேலை முடித்த பிறகுதான் குடிக்க வேண்டும்.

அமிர்தநாயகம் படலையிலேயே நின்றார்.
"வாரும் பிள்ளை, எல்லாம் ஆயத்தம்."
குசினிச் சுவரோடு, வெளிப்பக்கம்,
இடுப்பளவு ஆழத்தில் ஒரு கிடங்கு.
நாலு பக்கமும் சீமெந்து பூசி, இறங்க இரண்டு படி.
மேலே தகரம், தகரத்தின் மேல் மண்மூட்டை.
மூட்டை அடுக்கிய கையில் பழக்கம் தெரிந்தது:
கீழ்வரிசையின் பொருத்துக்கு மேல்
மேல்வரிசையின் வயிறு.
"வெடிச்சாலும் வீட்டுக்கு ஒண்டும் ஆகாது."

நான் உடனே பேசவில்லை.
இந்த மண்ணில் ஒரு அடி இறங்க அரை நாள் வேண்டும்.

"ஐயா, இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம்.
கசிஞ்சால் மேல போகாது.
நிலத்தைத் தடவிக்கொண்டு பள்ளம் தேடும்.
அதுக்குள்ள இறங்கி
ஒரு பொறி வருமட்டும் இருக்கும்."

கிடங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"பள்ளத்துக்கு வருமோ?"
"பள்ளத்துக்குத்தான் வரும்."

பள்ளத்தை நம்பித் தப்பியவர்.
நானும்தான்: ஆறு வயதில்
என் தலைக்கு மேல் பனங்குற்றி, அதற்கு மேல் மண்.
இருவரும் அதைப் பேசவில்லை.
செல்வமலர் வாசலில் நின்று
"நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கி
முடிக்காமல் உள்ளே போனா.

கிடங்கைத் தூர்க்கிறதென்றால் இந்த மூலை காணும்.
இரண்டு கல் அடுக்கி மேட்டில் வைத்தேன், நிழலில்.
ரியூப்பை ஒரு சாண்கூட மிச்சம் விடாமல் வெட்டினேன்.
கிளிப், றப்பர் பிதுங்காத இறுக்கம்.
றெகுலேற்றர் 'டிக்' என்றது; அவர் தோள் அசைந்தது.

சவர்க்கார நுரை, பழைய சவரத் தூரிகை.
மூட்டு மூட்டாகப் பூசிவிட்டுக் குந்தியிருந்தேன்.
கடைப் பொடியள் பத்து வரை எண்ணுவாங்கள். நான் அறுபது.
அடுப்போடு சேரும் இடத்தில் ஒரு குமிழி,
கடுகளவு, ஊதி உடைந்து மறுபடி பிறந்தது.
"அதென்ன?"
"அதுதான்."
கால் திருகு. நுரை. இன்னொரு அறுபது.
இந்த முறை நுரை தன்பாட்டில் வற்றியது.

நெருப்புக்குச்சி முதல், குமிழ் பிறகு; செல்வமலரின் கையாலேயே.
சுவாலை மஞ்சளாய்ச் சோம்பி எழுந்து
சட்டியின் அடியைக் கரியாக்கியது.
"விறகு மாதிரித்தானே," முகம் மலர்ந்தது.
"இதுக்குக் காற்றுக் காணாது."
அடியில் இருந்த சிறு தகட்டைத் திருப்புளியால் ஒரு நெல் திறந்தேன்.
கூடிவிட்டது: நெருப்பு துவாரங்களை விட்டுத் துள்ளிச் சீற
அவர் முற்றத்தில் நின்றார்.
அரை நெல் மூடினேன்.
காக்கணம்பூ நீலம். சத்தமில்லை.

"அழுகின முட்டை மணம் வந்தால்
சுவிச்சைப் போடவும் வேண்டாம், நூர்க்கவும் வேண்டாம்.
கதவைத் திறந்துபோட்டு வெளியில போங்கோ.
அந்த மணம் காஸின்ர சொந்த மணம் இல்லை.
நாங்கள் அறியட்டுமெண்டு ஆரோ சேர்க்கிறது."
"முன்கூட்டியே சொல்லுறாங்களோ?" என்றார் முற்றத்திலிருந்து.
"நல்ல சனம்."

தேநீர் வந்தது, விறகுப்புகை மணத்தோடு.
எப்போதோ பின்பக்கக் கல்லடுப்பில் வைத்திருக்கிறா.
கோப்பையைக் கையில் எடுத்தபோதுதான் அவர் கேட்டார்:
"கிடங்கைக் கட்டாயம் தூர்க்க வேணுமோ?"
"ஓம்."
மேல்மூட்டையில் ஒட்டிய புல்லை அவர் தட்டினார்.
"கொஞ்ச நாளைக்குக் கிடக்கட்டுமே, பிள்ளை."

ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
றெகுலேற்றரைக் கழற்றினேன்.
சிலிண்டரை வீட்டின் மறுபக்கச் சுவருக்கு உருட்டாமல் தூக்கினேன்,
அவர் ஒரு பிடி பிடித்தார்.
வெட்டிய ரியூப் அங்கு எட்டாது.

ஐந்து கட்டை போய், ஐந்து கட்டை வர வேண்டும்.
பிறகு நுரை, பிறகு அறுபது.
"தேத்தண்ணியை மூடி வையுங்கோ," என்றேன்.
"வாறன்."