பதினேழாம் பதிப்பு

ஓட்வாரின் அட்டவணைக்கு இது பதினேழாம் பதிப்பு.
ஓட்ஸ் நாற்பது கிராம்.
நாற்பத்தொன்று விழுந்தால்
ஒரு சிட்டிகை திரும்ப டப்பாவுக்குள்.
முப்பத்தொன்பது.
மறுபடி.

நேற்று அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள்.
பழுப்புச் சீஸ் ஒரு சீவல்,
எத்தனை கிராமென்று யாரும் நிறுக்கவில்லை.
கட்டத்தில் எதை எழுத?
புதன்கிழமை கெட்டது.
வாரமும்தான்.
திங்களிலிருந்து என்று
பழையதை அழித்துப் புதிதாய்க் கோடு போட்டான்
இரவு இரண்டு வரை.
தூக்கம்: எட்டு மணி நேரம் என்று
அதிலும் ஒரு கட்டம்.

பெர்கனில் மழை. எப்போதும்போல்.
ஜன்னலுக்குக் கீழே
எதிர்வீட்டு குன்வோர்,
ஒரு காலுறை நீலம், ஒன்று சாம்பல்,
பாதி வாழைப்பழத்தை மென்றபடி
மூச்சிரைக்க மலைப்பாதை ஏறுகிறாள்.

வாசலில் அவன் ஓட்டக்காலணி.
ஆறு மாதம்.
அடியில் விலைச்சீட்டு
இன்னும் நனையவில்லை.