பதினாறாவது பீப்பாய்

ஜனவரியில் ஓர் இரவு
கூரைக்கடியில் அகன்ற செம்புத் தொட்டியில்
கோதுமையும் பார்லியும் வெந்த சாறு
ஆறக் கிடந்தது.
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
நான் கொடுத்த அழைப்பு அவ்வளவுதான்.

ஸென்னே ஆற்றுப் பனியில் ஏறி வந்தவை,
செர்ரி மரப் பட்டையை விட்டு வந்தவை,
எங்கள் உத்தரத்திலேயே குடியிருந்தவை.
பெயர் சொல்லிக்கொண்டு ஒன்றும் வரவில்லை.
விடிந்ததும் ஓக் பீப்பாய்களில் இறக்கி
சாக்கட்டியால் எண் போட்டேன்.

முதல் மாதம் ஒரு முரட்டுக் கூட்டம்.
வெந்த முட்டைக்கோஸ் நாற்றம்,
துளைவழி வழிந்த அழுக்கு நுரை.
பிறகு ஈஸ்ட்: முதல் பந்திக்காரர்கள்.
இனிப்பு முழுவதையும் வழித்துத் தின்று,
சாராயத்தை விட்டுவிட்டு
அடியில் படிந்து செத்தார்கள்.
முரட்டுக் கூட்டம் அதற்குள் போயிருந்தது,
சொல்லாமல் கொள்ளாமல்.

இரண்டாம் கோடையில்
பதினாறிலிருந்து ஒரு குவளை பிடித்தேன்.
விழவில்லை, இறங்கியது.
எண்ணெய் மாதிரி, இல்லை, சளி மாதிரி.
குழாயை மூடிய பிறகும் ஒரு நூல்
அறுந்துபோக மனமில்லாமல் தொங்கியது.
பதினேழிலும் அதே.

வான்னெஸ் என் கணவனின் தம்பி.
வங்கிக் கடனில் இரண்டாம் கையெழுத்து அவனுடையது.
மோந்துகூடப் பார்க்கவில்லை.
"உன் பீருக்கு ஜலதோஷம்" என்றான்.
சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது.
அன்று மாலையே பதினாறின் அடைப்பைத் தட்டினேன்.
நானூறு லிட்டர்
வாய்க்காலில் அவசரமே இல்லாமல் போனது.
பக்கத்துக் கிடாரிகள் வேலியோரம் நின்று பார்த்தன.
பதினேழுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் லூவனிலிருந்து ஓடிலே அழைத்தாள்.
அவளுக்கு ஒரு சின்னக் குப்பி அனுப்பியிருந்தேன்.
"பெடியோகாக்கஸ். பாக்டீரியாதான்.
நாலு நாலாகச் சேர்ந்திருக்கும்,
சீட்டாடுகிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி.
அந்த வழவழப்பு அதன் வேலை.
கொட்டிவிடாதே."
நான் பேசவில்லை.
"பின்னால் இன்னொரு ஈஸ்ட் வரும், பிரெட்டனோமைசிஸ்.
மெதுவாகப் பசிக்கும் ஜாதி.
செத்த ஈஸ்டின் உடம்பைத் தின்னும்,
இந்தக் கோழையையும் தின்னும்."
அப்படியானால் நண்பர்களா என்று கேட்டேன்.
"நட்பா? ஒன்று கக்கியது இன்னொன்றுக்குச் சோறு.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

பதினேழைத் தொடவில்லை.
சிலந்தி வலைகளையும் கலைக்கவில்லை,
பழ ஈக்களுக்கு என்னைவிட அவைதான் காவல்.
துளைவழி டார்ச் அடித்தால்
மேலே சுருக்கம் விழுந்த ஒரு வெள்ளைத் தோல்,
ஆறிய பாலின் ஏடு போல.
காற்று உள்ளே போகாமல்
யாரோ கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தார்கள்.
அக்டோபரில் நூல் குட்டையானது.
டிசம்பரில் சொட்டு சொட்டாகவே விழுந்தது.

பிப்ரவரியில் தெளிவு.
எலுமிச்சைத் தோல், ஈரச் சாக்கு,
குதிரை லாயத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன ஆப்பிள்.
வெண்ணெய் வாடை அடியோடு போயிருந்தது.
வான்னெஸ் மூன்று குவளை குடித்தான்.
நாலாவதை நீட்டிக்கொண்டே கேட்டான்:
"பதினாறு எங்கே?"

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.
நானும் தெரிந்துதான்
நாலாவதைப் பாதி ஊற்றினேன்.

காலிப் பீப்பாயை வெந்நீரால் கழுவினேன், 
கொதிநீரால் அல்ல.
பலகை இடுக்கில் யாராவது மிச்சமிருந்தால்
இருந்துவிட்டுப் போகட்டும் என்று.
அடுத்த ஜனவரியில் மறுபடி நிரப்பினேன்.
சாக்கட்டி எண்ணை அழிக்கவில்லை.

இப்போது பதினாறு நன்றாகத்தான் இருக்கிறது,
வாங்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.
ஊற்றிக் கொடுக்கிறேன்.
அது வேறு பீர்.