பெயரில்லாமல் திரும்பியவை

ஜூன் மாதம் உருகுவாய் ஆறு
பைசாந்து நகரின் கீழ்த்தெருக்களுக்குள் வந்து
பதினொரு நாள் தங்கிப் போனது.
போன கையோடு என் கடைக்கு வேலை வந்தது.

அரிசி நிறைந்த பையில் புதைத்து
ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்
அனக்லேத்தோ பிதெகாயின்.
"அரிசியில் போட்டால் சரியாகும் என்றார்கள்."
"சோறு ஆகும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.
பழைய வேலியின் படம்.
பக்கத்துப் பண்ணை லக்குவெஸ்தா
வெள்ளம் வடிந்ததும் கம்பங்களைத் தள்ளி நட்டுவிட்டான்;
இல்லை, இருந்த இடத்தில்தான் நட்டேன் என்கிறான்;
நீதிபதி ஆதாரம் கேட்கிறார்.

"மென்பொருள் என்ன விலை?"
"அதற்கு விலையில்லை. என் நேரத்துக்கு உண்டு."
"இலவசமா?"
"அதைவிடக் கொஞ்சம் மேல். கட்டற்றது.
திறந்து பார்க்கலாம், மாற்றலாம்,
அடுத்தவனுக்கும் கொடுக்கலாம்."
"வேலியில்லாத நிலம்" என்றார், முகம் சுளித்து.

தானமாய் வந்த மாட்டையும்
பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்.
உரிமப் பத்தியைத் திறந்து காட்டினேன்:
எந்த உத்தரவாதமும் இல்லை,
பெரிய எழுத்தில்.
இரண்டு தடவை படித்தார்.
"மாடு விற்கிறவன் எவனும்
இப்படிச் சொன்னதில்லை."
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாகக் கிடக்கும் வட்டில் நேராகக் கைவைக்கக் கூடாது.
முதலில் பிரதி.
டிடிரெஸ்க்யூ நல்ல இடங்களை வாரிக்கொள்ளும்,
முரண்டுபிடிக்கும் இடத்தில் மல்லுக்கு நிற்காது,
குறித்துக்கொண்டு தாண்டிப் போகும்,
பிறகு திரும்பி வந்து
இன்னொரு முறை கேட்கும்.
அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால்
ஒரு திருமணம் மிஞ்சியிருக்கும்.

முப்பத்தொரு மணி நேரம்.
டெபியன் ஓடும் என் பழைய பெட்டி
கருந்திரையில் எண்களை உதிர்த்தது.
மறுநாள் வந்தபோது
தன் மாத்தேவைத் தானே கொண்டுவந்தார்,
எனக்குத் தரவில்லை.

அடுத்து ஃபோட்டோரெக்.
அது பெயர்களை நம்புவதில்லை.
முகவரி அழிந்தாலும்
ஒரு படம் எப்படித் தொடங்கும் என்று அதற்குத் தெரியும்,
சேற்றில் காலால் துழாவி
மீன் பிடிக்கிறவனுக்குத் தெரிவதைப் போல.

வந்து சேர்ந்தவை நாற்பத்தோராயிரம்.
ஆளுக்கொரு எண்தான், பெயரில்லை.
தடுப்பூசி ரசீதுகள், ஏதோ விளம்பரத்தின் வாழைப்பழம்,
யார் கல்யாணத்திலோ பாதி முகம்,
விரல் மறைத்த சூரியன்,
ஒரே பசு நூற்றுப்பன்னிரண்டு தடவை.
"கொலோந்திரினா" என்றார். "கேமரா என்றால் நிற்பாள்."
கண்ணைத் துடைத்தாரா, தூசியா,
நான் இரட்டைகளைக் களைந்துகொண்டிருந்தேன்.

எக்ஸிஃப்டூல் தேதிகளை உரித்துக் கொடுத்தது.
கிரெப் அந்த ஒரு கோடையை மட்டும்
காதைப் பிடித்து நிறுத்தியது.
ஒன்பது படங்கள்.
எட்டாவதில் வேலி.

ஒற்றை ஓம்பு மரம்.
மரத்துக்கு மேற்கே ஓடுகிறது கம்பி.
கிழக்கே என்று நீதிபதியிடம்
சத்தியம் செய்திருந்தார் இவர்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
"உத்தரவாதம் இல்லை என்று போட்டிருந்ததே."
"போட்டிருந்தது.
கம்பத்தை நகர்த்தும் என்று போடவில்லை."

நெடுநேரம் கழித்து:
"அழிக்க ஏதாவது இருக்கிறதா?"
"இருக்கிறது. ஷ்ரெட். அதுவும் விலையில்லை.
பிரதியையும் சேர்த்து மூன்று தரம் மேலெழுதிவிடும்,
பிறகு நானே தேடினாலும் கிடைக்காது."
கட்டளையை எழுதிவிட்டு
விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன்.
என்டரை அவரே தட்டட்டும்.
தெருமுனைக்கு ரொட்டி வாங்கப் போனேன்.

திரும்பியபோது திரை வெறுமையாக இருந்தது,
மேஜையில் என் கூலி, சில்லறை பிசகாமல்.
ஹிஸ்டரி என்று ஒரு சொல் அடித்தால்
என்ன செய்தார் என்று தெரிந்துவிடும்.
இன்றுவரை அடிக்கவில்லை.

அரிசியை மறந்துவிட்டார்.
கோழிகளுக்குப் போட்டேன்.