ஆறினால் ஓடும்

கனகசூரியத்தாரின் வெள்ளை பென்ஸ்
என் கராஜுக்குள் ஒருநாளும் நின்றதில்லை.
காலை எட்டரைக்கு ஸ்டார்ட் பண்ணினால்
பத்தரை மட்டும் நின்ற இடத்திலேயே ஓடும்.
எங்கள் தமிழில் இது ஒரு தொல்லை:
கார் நின்றபடி என்ஜின் ஓடலாம்,
என்ஜின் நின்ற பிறகும் கார் கொஞ்சம் ஓடும்.
அந்தக் கொஞ்சத்துக்குள்தான் என் தொழில்.

தொண்ணூற்றோராம் ஆண்டு வண்டி.
கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்.
போன முகூர்த்தத்தில், பம்பலப்பிட்டிச் சந்தியில்
பொம்பிளை உள்ளே இருக்க, பொனட்டில் பூ இருக்க,
பச்சை விழுந்தும் அசையவில்லையாம்.
மாப்பிள்ளை வேட்டியை மடித்துக்கட்டித் தள்ளினாராம்.
பின்னால் நூறாம் நம்பர் பஸ்காரன்
நாதஸ்வரத்துக்குப் பதிலாக ஹோர்ன்.
இருபது நிமிஷம் கழித்து
ஒன்றுமே தெரியாத பிள்ளைபோல ஸ்டார்ட் ஆகியது.

எனக்கு முன்னம் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.
ஒருவர் பிளக் மாற்றினார், ஒருவர் பில்டர்.
மருதானைக்காரர் பம்பையே மாற்றிவிட்டு
பழையதை ஷொப்பிங் பையில் கட்டிக் கொடுத்தார்.
டிக்கியில் கிடந்ததை எடுத்துப் பற்றரியில் கொடுத்தேன்.
நல்லாய்த்தான் சுற்றுகிறது.

என் ஸ்கானரைச் செருக இந்த வண்டியில் இடமில்லை.
கேட்டால் சொல்லாது. கூடப் போகவேண்டும்.
பம்புக்குப் போகும் வயரில் ஒரு கிளை எடுத்து
முன்கண்ணாடியில் சின்ன பல்பு ஒன்றை டேப்பால் ஒட்டினேன்.
திலிண ஓட்டினான். நான்
பல்பையும் ஆர்பிஎம் முள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சித்திரை வெயில். ஏசி முழுவதும் திறந்து
தெமட்டகொடை, பொரளை என்று
பிறந்ததுக்கு முதல்தடவையாக ட்ரபிக்கைத் தேடிப் போனோம்.
"அண்ணே, நிக்கோணும் எண்டா கும்பிடுறீங்க?"
ஓம். தொலைந்ததைக் காட்டித்தருகிற கொச்சிக்கடை அந்தோனியாரிடம்
ஒரு பழுதைக் காட்டித்தரச் சொல்லிக் கேட்டிருந்தேன்.

இரண்டு நாள் நிற்கவில்லை.
பெற்றோல் காசு என்னுடையது.

மூன்றாம் நாள், நாரஹேன்பிட்டி தாண்டி,
கிருலப்பனை கிட்ட வருகிற இடத்தில்
பல்பு அணைந்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ண நேரமிருந்தது,
பிறகுதான் என்ஜின் இருமியது.
முள் படக்கென்று பூச்சியத்தில் விழவில்லை,
காரின் வேகத்தோடு கூடவே
படியிறங்குகிற ஆள் மாதிரி இறங்கியது.
நெருப்பு இருக்கிறது. எண்ணெய்தான் வரவில்லை.
"நிண்டுட்டுது! நிண்டுட்டுது!"
பக்கத்து த்ரீவீல்காரன் எட்டிப் பார்த்தான்,
கார் நின்றதுக்குச் சிரிக்கிற ஆட்களை
அவன் கண்டிருக்கமாட்டான்.

திலிண சாவியைத் திருப்பிப் பிடிக்க
பற்றரிக்குப் பின்னால் இருந்த ரிலேயை
ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டினேன்.
பல்பு எரிந்தது. இன்னொரு தட்டு. அணைந்தது.

இரவு மூடியைக் கழற்றிக் கண்ணாடி பிடித்துப் பார்த்தால்
ஈயப்பொட்டு ஒன்றைச் சுற்றி ஒரு வெடிப்பு,
நுளம்பின் காலைவிட மெல்லிசு.
சூட்டில் விலகும், ஆறினால் சேரும்.
முப்பது வருஷமாக அப்படி ஒரு குடும்பம் அதற்குள்.

புதியது பஞ்சிகாவத்தையில் விலை கேட்டேன்,
கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழையதையே பற்றவைத்தேன்.
பில்லில் என்ன எழுதுவது?
ஈயம், ஒரு சொட்டு.
மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்த கூலி.
முதலாவதை அவர் கேட்கவில்லை,
இரண்டாவதைப் பத்துத்தரம் வாசித்தார்.

"இனி நிக்காதோ?"

நின்றபோது என்னிடம் சாட்சி இருந்தது,
ஒரு பல்பு, ஒரு முள், திலிண.
நிற்காததுக்கு யாரைக் கூப்பிடுவேன்?
இன்றைக்கு நிற்கவில்லை என்றுதான் சொல்லலாம்,
நாளைக்கு நாளைக்குத்தான்.
அதைச் சொல்லாமல் தலையை ஆட்டினேன்.

பல்பு போட்டோவில் விழுமாம், கழற்றச் சொன்னார்.
கழற்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே
ட்ரைவருக்கு மட்டும் தெரிகிறமாதிரி ஒட்டினேன்.

வியாழன் முகூர்த்தம் ஒன்பது நாற்பது.
பத்து மணிக்குப் போன் வந்தால்
எடுக்கத்தான் வேணுமா என்று
திலிண கேட்கிறான்.