ஏனைய விடயங்கள்

கந்தப்பளையில்
கரட்டும் லீக்ஸும் பொதியிடும் கம்பெனியில்
மாதக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதுகிறவள் நான்.
ஆறு வருஷம், நான்கு புத்தகம்.
முதலில் ஏற்றுமதி, பிறகு குளிரறை, பிறகு லொறி வாடகை.
பெண்கள் கழிவறையின் தாழ்ப்பாள்,
லயத்து முகவரி என்றால் திரும்பிவரும் வங்கிக் கடிதம்,
பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று
பதினேழு பேர் கையெழுத்திட்ட மனு
எல்லாம் கடைசி வரியில்:
ஏனைய விடயங்கள்.
அந்த வரிக்கு வருவதற்குள் தேநீர் ஆறியிருக்கும்.
முகாமையாளர் வாகனச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

சிங்களத்தில் பேசுவார்கள், நான் தமிழில் சொல்வேன்.
சொல்லும்போது கொஞ்சம் சீனி போடுவேன்.
‘இவங்களுக்கு இது போதும்’ என்றால்
‘இப்போதைக்கு இது போதுமாம்’ என்பேன்.
யாழ்ப்பாணத்துக் கணக்காளர் சிவபாதத்தார்
‘தோட்டக்காட்டார்’ என்றபோது
தமிழிலிருந்து தமிழுக்கே மொழிபெயர்த்திருக்கிறேன்.
வெள்ளிக்கிழமைகளில் பஸ்லானின் பெயருக்கு நேரே
‘தாமதம்’ என்று எழுதியதும் இதே கைதான்.
பள்ளிவாசலில் தொழுகை எத்தனை மணிக்கு முடியும் என்று
நான் கேட்டதே இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள்
கரட் கழுவும் உருளை
யோகமலரின் சுட்டுவிரலை எடுத்துக்கொண்டது.
எச்சரிக்கைப் பலகை இருந்தது. இரண்டு மொழியில்.
விசாரணை அறிக்கையில் எழுதினார்கள்:
‘ஊழியருக்கு வாசிக்கத் தெரியாது.’
சாட்சிக் கையொப்பமிட வந்த நிலூக்கா,
வெலிமடைக்காரி, வீட்டுக்கடன் தலைக்குமேல் உள்ளவள்,
பேனாவை மூடினாள்.
‘அவளுக்கு வாசிக்கத் தெரியும்.
பலகைக்குத்தான் அவளைத் தெரியாது.’
அன்று நான் சீனி போடவில்லை.

கொழும்பிலிருந்து ஒற்றுமை தினம் வந்தது.
மஞ்சள் டீ-சேர்ட், மூன்று நிற ஐசிங் கேக்.
படம் எடுக்கும்போது யோகமலரை
கட்டுப் போட்ட கை தெரியாமல் ஓரமாக நிறுத்தினார்கள்.
மறுநாளும் அலுமாரியில்
பீங்கான் கோப்பை அலுவலகத்துக்கு,
பிளாஸ்டிக் கோப்பை பொதியிடும் கொட்டகைக்கு.

அதற்குப் பிறகு நடந்ததில் படமெடுக்க ஒன்றுமில்லை.
நிலூக்காவும் பஸ்லானும் நானும்
ஒரே ஒரு விஷயம் கேட்டோம்:
கடைசி வரியை முதல் வரியாக்குங்கள்.
எட்டு மாதம் இழுத்தார்கள்.
சம்பளப் பட்டியல் சுவரில் ஏறியது.
ஒரே மேசையில் ஒரே வேலைக்கு
நாலு பேருக்கு நாலு தொகை.
எல்லோரும் நின்று வாசித்தார்கள்,
வாசிக்கத் தெரியாது என்று சொல்லப்பட்டவர்களும்.
இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.
ஒருவர் நிலூக்காவோடு இன்னும் முகம் கொடுப்பதில்லை.
வெள்ளிக்கிழமை வேலைநேரம் மாறியது.
பழைய ‘தாமத’ங்களை நான் வெட்டினேன்.
வெட்டிய சம்பளம் இன்னும் திரும்பி வரவில்லை.
சிவபாதத்தார் ஒருநாள் ‘மலையகத்தார்’ என்று சொல்லிப் பார்த்தார்,
புதுச் செருப்புக் கடிக்கிறவர்போல.

இப்போது கூட்டம் இரட்டிப்பு நேரம் பிடிக்கிறது.
ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது.
கொட்டாவி வருகிறது. வரட்டும்.
என் அப்பன் மலைச் சரிவில் கான் வெட்டினவர்.
ஒருமுறை வெட்டிய கான்
ஒரு மழைக்குத்தான் காணும்.
அடுத்த மழைக்கு மண்ணை மறுபடி அள்ள வேண்டும்.

போன செவ்வாய் புதுப் பலகை வந்தது, மூன்று மொழியில்.
‘விரலகளை உள்ளே இட வேண்டாம்.’
முகாமையாளர் கைதட்டத் தயாராக நின்றார்.
பாதுகாப்புக் குழு உறுப்பினர் யோகமலர்
கரட் பெட்டியைக் கவிழ்த்து மேலே ஏறினாள்.
மார்க்கரைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து
‘ல’ மேல்
ஒரு புள்ளி வைத்தாள்.
இறங்காமலே என்னைப் பார்த்துச் சொன்னாள்:
‘எழுதிக்கங்க. முதலாவதா எழுதுங்க.’