மூன்று கன மீட்டர்

எடைக்குக் காசில்லை என்றான் கப்பல் கம்பெனிக்காரன்,
அடைக்கிற இடத்துக்குத்தான்.
இறகும் இரும்பும் ஒரே விலை அவனுக்கு.
அப்படியானால் முதல் எதிரி
எங்கள் வாத்திறகுப் போர்வைதான்.
எத்தனை முறை அமுக்கினாலும்
மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறது.

லெஷெக் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டான்,
சுவரில் ஒரு கோடு, தரையில் மூன்று.
சன்னலுக்கு வெளியே கிடினியா துறைமுகத்தில்
பாரந்தூக்கிகள் வீடளவு பெட்டிகளைத்
தீப்பெட்டி மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தன.
நாங்கள் பதினான்கு வருடக் குடித்தனத்தை
அந்தக் கோட்டுக்குள் உட்காரச் சொன்னோம்.
உட்காரவில்லை.

முதலில் போய் நின்றவள் யாகோதா,
ஒன்பது வயது, பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி.
டுனிடினில் பனி பெய்யுமா?
எப்போதாவது, என்று போட்டிருந்ததை
எப்போதும், என்று சத்தமாக வாசித்தாள்.
மூலைக்கு மூலை சாய்த்துப் பார்த்தோம்,
ஒரு முழம் வெளியே நீட்டியது.
அவள் கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டாள்.
யாரும் திட்டவில்லை.

துணி துவைக்கிற இயந்திரம் வராது.
அவனுடைய வெல்டிங் முகமூடி வரும், சோறு போடுவது அது.
புத்தகங்களை நான் மூன்று முறை பொறுக்கினேன்,
மூன்று முறையும் வேறு வேறு ஆள் மாதிரி.
மலையேறும் காலணிக்குத் தனிக் கேள்வி இருந்தது படிவத்தில்:
மண் ஒட்டியிருக்கிறதா?
பல் துலக்கும் பிரஷால் கழுவுதொட்டியில் தேய்த்தேன்.
தாய்மண் என்று யாராவது உருகினால் உருகட்டும்,
பாதிக்கு மேல் ஆட்டுப் புழுக்கை.

பிறகு அந்தப் பெட்டி.
சமையலறை, இதர, என்று என் கையெழுத்து.
போன வீட்டில் ஒட்டிய நாடா அப்படியே.
ஒன்பது வருடம் தேடாததை
அங்கே போயா தேடப்போகிறோம், தூக்கிப் போடு, என்றான்.
இத்தனை வருடத்தில் நம்மை ஒன்றும் கேட்காத பெட்டி
இது ஒன்றுதான், என்றேன்.
பிரிக்காமலே அனுப்ப முடிவாயிற்று.
படிவம் விடவில்லை:
ஒவ்வொரு பெட்டியிலும் என்னென்ன, எத்தனை.

கெட்டில் மூடி இருந்தது.
மூடி இல்லையென்று அந்த மாதமே கெட்டிலை எறிந்திருந்தோம்.
பாதி எரிந்த மெழுகுவர்த்தி. எந்தப் பூட்டுக்கோ ஒரு சாவி.
அடியில், செய்தித்தாளில் சுற்றி,
உடைந்துவிட்டதென்று நாங்கள் நம்பிய நீலப்புள்ளித் தட்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு,
முதல் நட்சத்திரம் தெரிந்ததும்,
எதிர்பாராமல் வருகிறவருக்கென்று
ஒரு தட்டு கூடுதலாக வைப்போம், எல்லா வீட்டையும் போல.
இதைக் காணாததால் ஒன்பது வருடமும்
ஓரம் போன வெள்ளைத் தட்டு வைத்தோம்.
ஒரே ஒருவர் வந்தார்.
ஷிமான்ஸ்கி வீடு இதுதானா என்று கேட்டபடி,
கையில் ஈரப் பூங்கொத்து, மாடி மாறி வந்தவர்.
உட்காரவைத்தோம். பீட்ரூட் சூப்பை இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.
அந்த வெடிப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே குடித்தார்.

இனி எதிர்பாராமல் வருகிறவர்கள் நாம்தானே,
நமக்கெதற்கு இன்னொன்று, என்றான் லெஷெக்.
அங்கே அப்படி வைக்கிற வழக்கமில்லையாம், என்றேன்.
கொஞ்ச நேரம் பாரந்தூக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு படிவத்தை இழுத்து,
தட்டு, மூன்று, என்றிருந்ததை அடித்து
நான்கு என்று எழுதினான்.

தட்டுகளைப் பொதிய அட்டை போதவில்லை.
போர்வையில் சுற்றினோம்.
அமுங்க மாட்டேன் என்றது
தட்டுக்குத் தட்டு இடுக்கில் சாதுவாகப் படுத்துக்கொண்டது.

அளக்க வந்தவன் நாடாவை இழுத்துவிட்டு
பலகையைப் பார்த்தான்.
யாகோதா அவனுக்கு முன்னால் எழுந்தாள்.
மூன்றாம் மாடி டோபியாஷிடம் இழுத்துக்கொண்டு போய்,
கொடுக்கவில்லை, கடன்தான், என்று சொல்லி
கையெழுத்தும் வாங்கி வந்தாள்.
கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்.
திருப்பித் தரவேண்டிய நாள்:
எப்போதாவது.
இந்த முறை எழுத்துப் பிழை இல்லை.