பாதி திறந்த மூடி

முதல் தடவை இருண்டபோது
கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.
பல்பு எரிந்துகொண்டிருந்தது.
பக்கத்துக் காம்பராவில் மிக்சி அலறியது.
என் மடியில் மட்டும் இரவு.

இரண்டாம் தடவை
சிவபாக்கிய என்று அடித்துக்
கடைசி எழுத்துக்கு வருகிற நேரம்.
இருட்டிலேயே அடித்து முடித்தேன்.

சார்ஜரைப் பிடுங்கு. பிடுங்கினேன்.
பட்டனை முப்பது எண்ணும்வரை அமுக்கு.
இருபத்தாறில் தகரத்தில் மழை விழுந்து
எண்ணிக்கை தவறியது, மறுபடி ஒன்றிலிருந்து.
விசிறி சுற்றுகிறது. விசைகளுக்கடியில் சூடு.
சாகவில்லை.
கோபத்தில் முகத்தைத் திருப்பிப் படுத்தவள் மாதிரி
உள்ளே எல்லாம் நடக்கிறது.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் இஃப்லால்
போனில் கேட்டான்:
"டோர்ச் இருக்கா? சாய்வா அடிச்சுப் பாருங்க."

அடித்தேன்.
பனிக்குள்ளிருந்து மலையில் ஆட்கள் தெரிவதுபோல
முதலில் படங்கு, பிறகு தலை,
அட்டவணை அப்படியே நின்றது.
பெயர். அங்கத்துவ இலக்கம்.
சேர்ந்த திகதி. நின்ற திகதி.
நாற்பத்தொரு பேர்.
வெளிச்சத்தை நகர்த்தினால்
ஒருவர் வருவார், ஒருவர் போவார்.

"லைட்டுதான் போகுது, படம் போகல.
வேற திரையில கொளுவிப் பாருங்க."

வேறு திரை என்றால் எங்கள் லயத்தில்
தவணைக்கு எடுத்த திலகேஸ்வரி அக்காவின் டிவி.
ஏழரை மணி.
நாடகத்தில் யாரோ பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தார்கள்.
வயரைச் செருகினேன்.
விஷம் மறைந்து
ஊழியர் சேமலாப நிதி வந்தது,
நாற்பத்துமூன்று அங்குலத்தில்.

முதலில் திட்டினார்கள்.
பிறகு ஒருத்தி, "அடியே, ஒம் பேரு!" என்றாள்.
அப்புறம் ஸ்தோப்பில் செருப்பு வைக்க இடமில்லை.
இத்தனை வருடம் பெரட்டுக் களத்தில்
வாயால் கூப்பிடக் கேட்ட பெயர்கள்
வெள்ளைக் கட்டங்களில் எழுத்தாய் நின்றன.

சிவபாக்கியம் அத்தை
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
சி. வ. பாக். கி. யன்.
"நான் எப்படி ஆம்பளையானேன்?"
காம்பரா குலுங்கச் சிரித்தார்கள்.
என் விரல் இருட்டில் தவறியதோ என்று
ஒப்பீசு நகலை எடுத்துப் பார்த்தேன்.
அங்கேயும் ன்.
முப்பத்தொரு வருடமாய் ன்.
"அப்ப காசு?" என்று யாரோ கேட்டதும்
சிரிப்பு நின்றது.

ஒருவர் இலக்கத்தில் ஏழு ஒன்றாகியிருந்தது.
இரண்டு சகோதரிகளுக்கு ஒரே பிறந்த நாள்.
பிச்சைமுத்துவின் கடைசிக் கட்டம் காலி.
நின்ற திகதி என்ன போடுவது என்று கேட்டேன்.
அவர் மகள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
"வியாழக்கிழம. பத்தாம் நம்பர் மல.
அந்தி நெற கொண்டுபோகல."

பதினொரு பிழை.
பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டேன்.
விஷத்தை யார் குடித்தார்கள் என்று
எங்கள் லயத்துக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் இஃப்லால் திறந்து காட்டினான்.
பிணைச்சலுக்குள் நூலளவு ஒரு வயர்,
மூடித் திறந்து மூடித் திறந்து நசுங்கிப்போனது.
புதுசு கொழும்பிலிருந்து வர வேண்டும்,
ஒன்பதாயிரம், இரண்டு கிழமை.
"அதுவரைக்கும் முழுசாத் தொறக்காதீங்க.
நிமிர்ந்தா போயிரும்."

ஒன்பதாயிரத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு கிழமைக்குத்தான்
நகலைப் புரட்டிப் பார்த்தேன்.
விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் திங்கள்.

இப்போது பால்மா டின்னில் சாய்த்து,
மூடி பாதி திறந்தபடி,
கழுத்தைக் குனிந்து அடிக்கிறேன்.
வெளியே திலகேஸ்வரி அக்கா கேட்கிறாள்,
"இன்னைக்கும் நம்ம பேரெல்லாம் வருமா?"

பன்னிரண்டாவது வரி.
ன் அழிக்கிறேன்.
திரை ஒருமுறை இமைக்கிறது.
பொறு, என்கிறேன் அதனிடம்,
ஒரேயொரு எழுத்து.

ம்.